சுருண்டுகொள்ளும் பிராணி

வேலம்பாளையம்,
3.11.2024

மாப்ளே ராஜா முகமதுக்கு, காசிமாயன் எழுதுவது.

கோணல்மாணலான எழுத்தைப் பொறுத்துக்கொள். நாள் முழுக்கப் பனியனில் பிசிறு வெட்டிய கை, பேனாவுக்கு வளைய மறுக்கிறது. இவ்வளவுக்கே முக்கால் மணி நேரம். ஆனாலும் நானே எழுதுகிறேன் மாப்ளே! முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம். "ஏனுங்க, கலெக்டர் பரிட்சைக்குங்களா?" என்று கம்பெனிப் பெண்கள் கேலி செய்கிறார்கள்.

நல்லூரில் உன் தங்கச்சி நூர்ஜான்தான் முகவரி தந்தது.

வகுப்புப் புத்தகத்தில் ஒரு படம். கீழே எழுத்துக் கூட்டினேன்: அழுங்கு, அந்த எறும்புத்தின்னி. கொமரலிங்கத்துத் தோட்டத்தில் நாம் பிடித்தோமே, அதேதான். இங்கிலீஷில் பாங்கோலினாம். அது மலாய்ப் பேச்சிலிருந்து போன பேர் என்றார் எங்கள் வகுப்பு மதுமதி டீச்சர். அர்த்தம் அவருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷமாகப் பினாங்கில் இருக்கிறாய், கேட்டுச் சொல்வாயா?

அன்று அதைச் சாக்கில் கட்டியது நான். வனத்துறைக்காரர்கள் நம்மைப் பிடித்தபோது நான் கைநாட்டு வைத்த காகிதத்தில், கட்டியது நீ என்று இருந்திருக்கிறது. படிக்கத் தெரியாமல் வைத்துவிட்டேன். ஆறு மாதம் நீ ஜெயிலில் கிடந்தாய். மனதில் வைக்காதே.

உன் மாமன்,
காசிமாயன்


பினாங்கு,
29.11.2024

காசிமாயனுக்கு,

பரோட்டா தட்டியே தோள் இறங்கிவிட்டது. அதிகம் எழுத முடியாது.

பக்கத்துக் கடை மலாய்க்காரரிடம் கேட்டேன். உருளுவதற்கு இவர்கள் பேச்சில் குலிங். சுருண்டு உருளுவது என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது பாங்கோலின் ஆகிவிட்டதாம். "பிரிக்கப் பார்த்தால் இன்னும் இறுகும். தள்ளி நின்றால் தானே விரியும்" என்றார்.

உனக்குப் படிக்கத் தெரியாது, சரி. காது இருந்ததே. வாய் இருந்ததே.

ராஜா முகமது


வேலம்பாளையம்,
22.12.2024

மாப்ளே,

மாமா என்று நீ எழுதவில்லை. சரிதான்.

கைநாட்டுக்கு முன்னால் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்கள். கேட்டுத்தான் வைத்தேன். வீட்டில் என் பொண்டாட்டி ராமுத்தாய் அப்போது நிறைமாதம். நீ தனிக்கட்டை, தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன்.

போன கடிதத்தை டீச்சர் திருத்திக் கொடுத்தார். அவர் பார்க்க இதை எப்படி எழுதுவேன்? முப்பது வருஷமும் இதே கதைதான். உனக்கு எழுதுவதென்றால் யாரையாவது உட்காரவைத்து, சொல்லிச் சொல்லி எழுதவைக்க வேண்டும். ராமுத்தாயிக்கே சொல்லாததை யார் காதில் போடுவது? இதற்காகத்தான் எழுதப் படித்தேன். இதை யாரும் திருத்தவில்லை. பிழை இருக்கும்.

அசதியாக இருக்கிறது, மாப்ளே. ஆனால் முழுக்க என் கையால் எழுதிவிட்டேன்.

பதில் கேட்கவில்லை. தள்ளியே நிற்கிறேன். எழுதாமல் விட்டால் கை மறந்துவிடும், அதனால் அடுத்த வாரமும் எழுதுவேன். கடிதத்தைப் பிரிக்க மனமில்லை என்றால் அப்படியே வைத்திரு.

காசிமாயன்