லோரி நுழையாத நிலம்

வெள்ளி, ஆகஸ்ட் 8

டெங்கிலில் உள்ள என் நிலத்தை இன்று ஒரு பெண் விஞ்ஞானிக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். பண்டமாரான் லோரிக்காரர் தன் லோரிகளை அங்கே நிறுத்த இரண்டு மடங்கு தருவதாக இருந்தார். அதை நம்பித்தான் கிள்ளானில் இரண்டாவது துணிக்கடை போட நினைத்திருந்தேன்.

எந்த நாடாவது பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தால், அந்த அதிர்வைப் பிடிக்க அங்கே ஒரு கருவியைப் புதைக்க வேண்டுமாம். "பூகம்பம்னா ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். குண்டுன்னா எல்லாப் பக்கமும் தள்ளும் அங்கிள்," என்றாள். கருவியைத் தரையில் வைத்துக் காட்டினாள். துணியைக்கூட இழுத்துப் பார்க்காமல் வாங்காதவன் நான். காலை ஓங்கித் தரையை மிதித்தேன். திரையில் கோடு துள்ளியது.

"அது குண்டு இல்ல அங்கிள், நீங்க!"

"பக்கத்துல லோரி ஓடினா என்ன லா, சத்தம்தானே?"

"அந்த ஆட்டத்துல தூரத்து அதிர்வு எதுவுமே தெரியாது."

இப்போது பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் படுத்தும் மனம் அங்கேயே நிற்கிறது. எங்கோ ஒரு மலைக்கடியில் ஒளித்து வெடித்த குண்டின் அதிர்வு, கடலுக்கு அடியில் நீந்தி வந்து, ஊரே தூங்கும்போது என் கட்டிலுக்குக் கீழே மெல்லக் கடந்து போவதுபோல் இருக்கிறது. கடை தள்ளிப்போகும். லோரிக்காரர் கோபப்படுவார். போகட்டும்.

பேசி முடித்தது: லோரிக்காரர் சொன்னதில் பாதி வாடகை, மூன்று வருடம். வேலிக்குள் ஒரு வண்டியும் நுழையாது. குண்டு வெடித்ததைக் காட்டும் கோடு எழுந்தால் எனக்கும் போன் செய்ய வேண்டும்.