வலை போட்டதால் ஓடு உடையவில்லை

அனுப்புநர்
இ. செபஸ்தியம்மாள்,
க/பெ. இனிகோ பர்னாந்து,
வீட்டு எண் 11, புனித சந்தியாகு மீனவர் குடியிருப்பு,
கீழவைப்பார், குளத்தூர் வழி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு துணைப் பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள் (வீட்டு வசதி),
திருநெல்வேலி.

பொருள்: இற்றுப்போன ஓட்டுக் கூரையைப் பழுதுபார்க்காமல், பழியைக் குடியிருப்போர் மேல் போட்டு, வீட்டு ஒதுக்கீட்டை ரத்து செய்வதாக மிரட்டும் சங்கத்தின் மீது புகார்.

பார்வை: புனித சந்தியாகு மீனவர் வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்பு, நாள் 3.9.1973.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கன்னியர் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம். அது பிழையாக வந்ததல்ல.

1. மேற்படி வீடு ஏழு வருடங்களுக்கு முன் சங்கம் கட்டிக் கொடுத்தது. கூரைக்குப் பனங்கை அடுக்கி, குறுக்கே பட்டியல் சட்டம் அடித்து, சீமை ஓடு போட்ட வீடு. கூரைப் பழுது சங்கத்தின் பொறுப்பு என்று எங்கள் ஒதுக்கீட்டு உத்தரவிலேயே உள்ளது. நாங்கள் தவணை பாக்கி வைத்ததில்லை.

2. கூரை கெட்டுவருவது எங்களுக்கு ஒரே நாளில் தெரியவில்லை. முதலில் காலையில் பாயை உதறினால் சிவப்புப் பொடி கொட்டியது. உப்புக் காற்றில் ஓடு பொரிந்து உதிர்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அடுத்து, உச்சி வெயிலில் தரையில் அங்கங்கே காசு அளவு வெளிச்சம் விழத் தொடங்கியது. வடக்குச் சுவரில் மழைநீர் வழிந்த கறை மேலிருந்து இறங்கி, இப்போது மாதா படம் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் சுண்ணாம்பைத் தொட்டால் கையோடு வருகிறது. பனங்கைகளுக்குக் கீழே மாவு மாவாகக் கிடக்கிறது. விரலால் அழுத்தினால் மரம் உள்ளே போகிறது. தெருவில் நின்று பார்த்தால் முகடு நடுவில் தொய்ந்திருப்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். சங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தோம்.

3. கடைசியில் ஆகஸ்டு மாதக் கடைசியில் சங்கத்தின் மேற்பார்வையாளர் திரு. அம்புரோஸ் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். உள்ளே வந்து ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். "வெளிய நின்னாலே எனக்குத் தெரியும். ஒங்க ஆளுக வலையக் கூரையில காயப்போட்டு மிதிமிதின்னு மிதிச்சா ஓடு என்னத்துக்கு ஆவும்?" என்று தெருவே கேட்கச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது: 'ஓடுகளும் மரமும் நல்ல நிலையில் உள்ளன. குடியிருப்போர் வலை உலர்த்தியதால் சேதம் ஏற்பட்டுள்ளது. வலையை அகற்றி, இம்மாத இறுதிக்குள் சொந்தச் செலவில் சரிசெய்யாவிடில் ஒதுக்கீடு ரத்து.' மரத்தைப் பார்க்காதவர் மரம் நல்ல நிலையில் உள்ளது என்று கை கூசாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

4. எங்கள் கூரைமேல் வலை கிடப்பது உண்மைதான். அது என் கணவர் கழித்துப்போட்ட கிழிந்த வலை. வாடைக் காற்று அடிக்கும்போது ஓடு எழும்பிப் பறக்காமல் இருக்க, அதை விரித்து ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஓடு ஆட்டம் கண்ட பிறகு போட்ட வலை அது. வலையால் ஓடு கெடவில்லை. ஓடு கெட்டதால் வலை வந்தது. தொழில் செய்யும் வலையை எவனும் ஓட்டின்மேல் உலர்த்த மாட்டான். ஓட்டு விளிம்பு நூலை அறுத்துவிடும். வலை உலர்த்த எங்களுக்குக் கடற்கரை முழுக்க மணல் கிடக்கிறது.

5. வெளியூர் அதிகாரி ஒருவர் தெரியாமல் இப்படி எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். திரு. அம்புரோஸ் இதே கடற்கரையிலுள்ள வேம்பாறு ஊரில் பிறந்தவர். என் நாத்தனாரை அவர் வீடு இருக்கும் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. சென்ற பங்குனியில் அங்கே ஒரு துக்கத்துக்குப் போயிருந்தபோது அவருடைய தாயார் வீட்டை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கூரைமேலும் வலை கிடக்கிறது, அதிலும் கல் தொங்குகிறது. ஆகவே இவர் தெரிந்தே எழுதியிருக்கிறார். ஏன் என்றும் சொல்கிறேன். இந்த வீடுகள் கட்டும்போது மரத்தைப் பார்த்து வாங்கி ஏற்றியவரும் இவரே. வைரம் பாய்ந்த பனை ஏழு வருடத்தில் உளுக்காது. மரம் கெட்டது என்று எழுதினால் இளம்பனையை ஏற்றியது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து எங்களைக் கூரையை மிதிக்கிறவர்கள் ஆக்கிவிட்டார்.

6. இதுவரை எழுதியதெல்லாம் ஓட்டுக்கும் மரத்துக்கும். இனி எழுதப்போவதைத் தாங்கள் தயவுசெய்து நின்று படிக்க வேண்டும். என் ஒரே மகள் லில்லி புஷ்பத்துக்கு இது தலைப்பிரசவம். இம்மாதம் 9-ஆம் தேதி, மாதா பிறந்த நாளுக்கு மறுநாள், ஏழாம் மாதத்தில், முறைப்படி தூத்துக்குடியிலிருந்து அழைத்து வந்தோம். சம்பந்தியம்மாளும் கூட வந்தார். காப்பி கொடுத்தேன். அவர் வாயருகே கொண்டுபோன தம்ளரில் சிவப்புப் பொடி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மயினி, கோவிச்சிக்கிடாதீங்க. தாயும் பிள்ளையும் இதுக்குக் கீழ கெடக்க எம் மனசு ஒப்பாது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாலை பஸ்ஸிலேயே என் மகளைத் திரும்ப அழைத்துப் போய்விட்டார். அவள் பஸ் ஜன்னலில் அழுதுகொண்டே போனாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் தாய்வீட்டில் ஒரு இரவு கூடத் தங்கவைக்க முடியவில்லை. இந்த ஊரில் இதைவிடப் பெரிய தலைகுனிவு ஒரு தாய்க்குக் கிடையாது. சம்பந்தியம்மாள்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

7. ஆகவே, மேற்படி அறிவிப்பை உடனே ரத்து செய்ய வேண்டும். திரு. அம்புரோஸ் அல்லாத வேறொரு அதிகாரி வர வேண்டும். வந்தவர் தெருவில் நிற்காமல் வீட்டுக்குள் வர வேண்டும். ஏணி நான் தருகிறேன். மழைக்கு முன் கெட்ட பனங்கைகளை மாற்றி ஓடு மேய்ந்து தர ஆவன செய்ய வேண்டும். வலையை நான் எடுக்க மாட்டேன் என்பதையும் இதிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஐயா, என் மகளுக்குக் கார்த்திகையில் பேறுகாலம். ஐப்பசி பிறந்ததும் நானே போய் அவளை அழைத்து வருவேன். கூரை சரியாகியிருந்தாலும் வருவாள், சரியாகாவிட்டாலும் வருவாள். அவளுக்கு வேறு தாய்வீடு இல்லை. இந்த மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தங்கள் அலுவலகக் கையெழுத்துடன் வரும் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பேன். கூரை இறங்கி அவளுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது நேர்ந்தால், போலீஸ் ஸ்டேஷனில் முதலில் திரு. அம்புரோஸின் பெயரைச் சொல்வேன். அடுத்து அந்த அட்டையைக் காட்டுவேன். இதுவரை தங்களுக்குத் தெரியாது. இனி தெரியும்.

இடம்: கீழவைப்பார்
நாள்: 14.9.1973

இப்படிக்கு,
பேறுகாலத்துக்கு மகளை எதிர்பார்த்திருக்கும்
இ. செபஸ்தியம்மாள்