என் மகள் பெயரில் இருக்கும் வேறொரு பெண்ணின் கல்லீரல்

அனுப்புநர்
உ. பாக்கியலட்சுமி,
க/பெ. உதயகுமார்,
மண்டி மொஹல்லா, மைசூரு.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
மைசூரு.

பொருள்: பள்ளி மருத்துவ முகாமில் என் மகள் காவேரியின் பெயரில் பதிவான ஸ்கேன் வேறொரு மாணவியுடையது – "குணமடைந்தார்" என்ற பதிவை நீக்கி, அந்த மாணவியைத் தேடிக் கண்டுபிடிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். கன்னட மொழிபெயர்ப்பு இணைப்பில் உள்ளது. நடந்ததில் என் மகளுக்கும் பங்கு உண்டு என்பதால், அந்த மொழிபெயர்ப்பை அவள் கையாலேயே எழுத வைத்தேன்.

2. 20.01.2025 திங்கட்கிழமை, அவள் படிக்கும் பள்ளியில் எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். காவேரிக்கு அப்போது வயது பதினான்கு, எடை எழுபத்தெட்டு கிலோ. வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. மகராசி எனக்குத் தெரியாமல் நான்கு இட்லி தின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளுடைய தோழி மாதேவி, ஹனூர் பக்கத்துப் பெண். திங்கட்கிழமை தோறும் தங்கள் மலைச்சாமி மாதப்பனுக்காக விளக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாத குடும்பம். அவளும் பருமனான பெண்தான். வேலைக்கு வெளியூர் போயிருந்த அவள் அப்பா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாததால் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பட்டினியாக இருந்தவள் அவள்தானே, என் மகளின் சீட்டை வாங்கிக்கொண்டு போய் ஸ்கேனுக்குப் படுத்துவிட்டாள். வெளியே சொல்வதில்லை என்று இருவரும் மாதப்பன்மேல் சத்தியம் செய்திருக்கிறார்கள். சீட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை போலும்.

3. கல்லீரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு, பித்தப்பையில் ஒரு கல் என்று முடிவு வந்தது. பார்த்தாவது புத்தி வரட்டும் என்று அந்தப் படத்தைச் சாப்பிடும் இடத்தில் சுவரில் ஒட்டினேன். அளந்துதான் சோறு, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, விடிந்ததும் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடை. காவேரி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே உட்காருவாள். பயம் என்று நினைத்தேன்.

4. மாதேவி தினமும் மாலையில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருவாள். என் மகளின் தட்டிலிருந்து எடுத்த வடை, பூரி, நெய்ச்சோறு எல்லாவற்றையும் அவள் தட்டில்தான் வைத்தேன். வீணாகக் கூடாதே என்ற எண்ணம். அவள் மட்டும் எப்போதும் படத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்து சாப்பிடுவாள். மென்று முடிக்கும் வரை கண்ணை எடுக்கமாட்டாள். சில நாட்கள் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தி வைத்திருப்பாள். ஒருமுறை வாந்தி எடுத்தபோது, கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவேயில்லை. திருஷ்டி பலம்தான், கழிந்துவிட்டது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

5. ஜூன் மாதம் மறு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் சுத்தமாக இருந்தது. முகாம் அலுவலர் உடனே "குணமடைந்தார்" என்று கணினியில் பதிந்துவிட்டார். மருத்துவர் மட்டும் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கொழுப்பு குறையும், சரி. கல் எங்கே போச்சு?" என்று கேட்டார். அன்று மாலை காவேரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதே மாதேவி வீட்டைத் தேடி ஓடினேன், ஐயா.

6. அதற்குள் மாதேவியின் குடும்பம் போய்விட்டிருந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வருவாள் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் தங்கி வேலை செய்த கட்டடம் மே மாதமே கட்டி முடிந்துவிட்டது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்கிறார் காவலாளி. பள்ளியில் வருகை இல்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். அவள் அம்மாவின் கைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அப்படி ஒரு பெண் மைசூரில் இருந்தாள் என்பதற்கு என் வீட்டுச் சுவரில் உள்ள அந்தப் படம்தான் மிச்சம், அதிலும் என் மகளின் பெயர். அதைக் கிழிக்கவும் கை வரவில்லை, அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவும் முடியவில்லை. வாரந்தோறும் முகாமிலிருந்து கைபேசிக்குச் செய்தி வருகிறது: "காவேரி, உங்கள் கல்லீரல் நலமாக உள்ளது. வாழ்த்துகள்." அந்தச் சத்தம் கேட்டாலே என் மகள் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

7. ஆகவே, காவேரியின் பெயரில் உள்ள "குணமடைந்தார்" பதிவை ரத்து செய்து, ஜனவரிப் படத்தை மாதேவியின் பெயருக்கு மாற்றித் தரவும், ஹனூர், கொள்ளேகால் பகுதிச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் அவளைத் தேடவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். தந்தை பெயர் மல்லப்பன், கம்பி கட்டும் வேலை. பெண்ணுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. எங்கள்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள், முதலில் அவளைத் தேடுங்கள்.

8. ஒன்றை மறைக்க மனம் ஒப்பவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் என்னிடம், "ஏனுங்க அத்தை, இந்த மாதிரி ஈரல் இருக்கறவங்க என்னாவாங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் உனக்கெதுக்கு? உனக்கு வளர்ற உடம்பு, ஒண்ணும் ஆகாது, சாப்பிடு" என்று சொல்லி இன்னொரு பூரி வைத்தேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள். அந்தப் பெண் என் வார்த்தையை நம்பிக்கொண்டு போயிருக்கிறாள். நான் சொன்னது தவறு என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும், ஐயா.

இடம்: மைசூரு
நாள்: 17.07.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) உ. பாக்கியலட்சுமி

இணைப்பு: கன்னட மொழிபெயர்ப்பு, ஸ்கேன் படங்களின் நகல் இரண்டு.