ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் போகும் நெட்

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தட்ட உட்கார்ந்தேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை இந்தத் தடவை ஒரே வார்த்தையில் எழுதக் கை வரவில்லை, அதனால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பதறு, பாதியில் பதறாதே. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் முகத்தில் வலது பக்கம் இழுத்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது வாயில் தண்ணீர் நிற்கவில்லை என்றார், பார்த்தால் ஒரு கண் மூடவில்லை, வாய் கோணியிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு இது பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் போதும், இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. இப்போதே கண் முக்கால்வாசி மூடுகிறது, கையும் காலும் முன்னைப்போலவே வேலை செய்கின்றன, என்னோடு சண்டையும் முன்னைப்போலவே போடுகிறார்.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன். "போன்ல நீ எதையாவது உளறி வைக்காத, ஞாயித்துக்கிழமை வீடியோவுல நானே சொல்லிக்கிறேன்"னு என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார். அந்த ஞாயிறு, நாம் பேசும் பத்து மணி பார்த்துத்தான் நெட் போனது. அடுத்த ஞாயிறும் போனது. என் பட்டன் போனில் வீடியோ வராது, அப்பாவோ தன் போனைப் போட்டோ ஸ்டுடியோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை யார் போய்த் திறப்பது என்கிறார். நானும் சும்மா இருக்கவில்லை பாப்பு, கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன், வைஃபை பெட்டியைத் துடைத்தேன், அலமாரி மறைக்கிறதோ என்று பெட்டியை மேசை மேல் ஏற்றினேன். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள், பெட்டியை அணைச்சு முப்பது எண்ணிட்டுப் போடுங்க மேடம், எத்தனை லைட் எரியுது, எது சிவப்பு என்று. மூன்றாவது சிவப்பு என்றேன். வைஃபை பெயரை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாகப் போடச் சொன்னாள், நீ காலண்டர் அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன், அசையவில்லை. பின்னாடி வயரெல்லாம் இறுக்கமா இருக்கா மேடம் என்று அவள் கேட்டதும் அப்பாவே குனிந்து பார்த்து, எல்லாம் கல்லு மாதிரி இருக்கு என்றார். நானும் அதை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன்.

பதினோரு மணிக்கு நெட் தானாக வந்துவிடும், வாரம் முழுக்க ஒரு குறையும் இருக்காது. மூன்றாவது ஞாயிறும் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஆளை அனுப்பியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை லைன்மேன் வந்தார். வெளிக் கம்பத்தில் ஏறிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். "அம்மா, லைன்ல ஒண்ணுமே இல்ல. பாருங்க, மூணு ஞாயிறும் ஒம்போது அம்பதுக்குப் போயிருக்கு, பதினொண்ணுக்கு வந்திருக்கு. யாரோ பின்னாடி வயரை லேசா உருவி, அப்புறம் மாட்டுறாங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இருக்கு, ஒண்ணு இருக்கு என்று சொல்லி லைன்மேனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அவர் போனதும் நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேப்பரை இறக்கினால் கண்ணில் தண்ணீர், அந்த மூடாத கண்ணில் எப்போதும் தண்ணீர் வரும், ஆனால் அன்றைக்கு இரண்டிலும் வந்தது. "வர்றவங்களையெல்லாம் கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்கன்னு முப்பது வருஷமா சொல்லிப் போட்டோ எடுத்தவன் நான். என் பொண்ணு முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிக்க வரலேன்னா அவ என்ன நினைப்பா? பாப்புன்னு கூப்பிட்டா உதடு ஒட்ட மாட்டேங்குது, காத்துதான் வருது. பரீட்சை நேரத்துல எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு நான் எழுதுகிறேன், ஓடி வராதே என்றும் எழுதுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே கண்ணு, ஓடி வராதே. பரீட்சையை எழுதிவிட்டு, லீவில் நிதானமாக வா. நானும் மூன்று வாரம் உன்னிடம் பொய்யாகப் பேசிவிட்டேன், அதற்கு என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே.

நேற்று ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லி முடிக்கிறேன். தானாகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேமராவைப் போட்டுப் பார்த்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்தார், திரையை ஏற்றினார், இறக்கினார், இடது பக்கம் மட்டும் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, எப்படி இருக்கு என்று என்னைக் கேட்டார். பாதி ஆள்தான் தெரியுது என்றேன். அப்புறம் நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நீ பார்க்கப்போவது அந்த முகத்தைத்தான். பார்த்ததும் முகத்தைப் பற்றிக் கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்பதில் தொடங்கு. அழுகை வந்தால் மைக்கை மட்டும் அணைத்துவிட்டு அழு, கேமராவை அணைக்காதே, அப்புறம் நெட் போய்விட்டது என்று அவர் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடியட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிறு பத்து மணி, மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். வயரை உருவியது நான்தான் பாப்பு. கை மறுபடி வயருக்குப் போவதற்குள், ஒன்பதே முக்காலுக்கே கூப்பிடு. அப்பா.