மூன்றாவது தடவை

என் மச்சானுக்கு,

ஒத்தக்கடைக் கல்லூரியில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

நேற்று தொட்டிக்குள் இறங்கும் பயிற்சி. ஒருவர் உள்ளே இறங்கினால், இன்னொருவர் கயிற்றோடு வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் தடவையே பதில் இல்லையென்றால் இழுத்துவிட வேண்டும், விஷவாயு காத்திருக்காது என்றார் ஆசிரியை.

அத்தை உங்களை வேறு மாதிரி வளர்த்துவிட்டார். “மூணாந்தடவை கூப்புட்டாத்தான் பதில் சொல்லணும். பேய்னா ரெண்டோட நிப்பாட்டிரும்.” நீங்களும் மூன்றாவது தடவைதான் “வாரேன்” என்பீர்கள். சாயப்பட்டறை முழுக்கத் தெரியும். அதனால்தான் நீங்கள் சாயத் தொட்டிக்குள் இறங்கித் திரும்பாத அன்று, தொட்டி வாயில் நின்ற வெள்ளைத்துரை அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, பதறாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரை வாய் வலிக்கத் திட்டிவிட்டேன். அத்தையை எப்படித் திட்டுவது?

பயிற்சித் தொட்டியில் கிடந்தது துணிப் பொம்மை. ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். உங்கள் பேர்தான் வந்தது. பழக்கத்தில் மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்; உள்ளேயிருந்து “வாரேன்” என்றது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. இழுத்தேன். காய்ந்த தொட்டியிலிருந்து வந்த பொம்மையின் கால்கள் நீலச் சாயத்தில் நனைந்திருந்தன.

இன்று உச்சி வெயிலில் கொல்லைப்பக்கம் என் பேர் கேட்டது. உங்கள் குரல். எழுந்தேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

“போகாத தாயி. மூணாவது வரட்டும்.”

இரண்டோடு நின்றுவிட்டது.

காத்திருந்தது போதும் மச்சான். நாளை கூப்பிடுங்கள். முதல் குரலுக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கயிற்றோடு நிற்பவள்