ஐம்பது எண்ணிவிட்டு எழுந்திருக்க வேண்டும்

ஜூலை 3, வியாழன்

கண் விழித்ததும் எழக் கூடாது. முதலில் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார வேண்டும். காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு ஐம்பது வரை எண்ண வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குப் பிறகுதான் நிற்பது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு முறை சொன்னாள்.

நான் முப்பத்தெட்டிலேயே எழுந்துவிட்டேன். அவசரம், என்ன செய்ய? பாத்ரூம் கதவைப் பிடித்தேன், கதவும் என்னோடு சேர்ந்து ஆடியது. காதுக்குள் கொய்யென்று சத்தம், கண்ணுக்கு முன்னால் இருட்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே எங்கள் கடையில் என் வீட்டுக்காரர் ஜெஸ்வின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடவில்லை.

ஜூலை 5, சனி

யார் கேட்டாலும் அப்பெண்டிக்ஸ். அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே ஜெஸ்வின் முடிவு செய்துவிட்டார். “நல்ல காரியத்தையே மூணு மாசம் முடியாம சொல்லப்பிடாதுன்னு இருந்தோம். இத என்னத்துக்கு சொல்லணும்? யாருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா.”

நானும் தலையாட்டினேன். பாதி மயக்கத்தில் இருந்தேன், எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானது. கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்டது. ஏழாவது வாரம் குழாய் வெடித்தது. ஜூன் 24. வலது பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியும் ஹீமோகுளோபின் இன்னும் எட்டைத் தாண்டவில்லை, அதனால்தான் காலையில் இந்தத் தலைசுற்றல், இந்த அசதி. எனக்குத் தெரிந்து அது என்னோடு இருந்தது பதினெட்டு நாள்.

வந்தது என்றே யாருக்கும் தெரியாது. போனதற்கு யார் துக்கம் கேட்க வருவார்கள்?

ஜூலை 8, செவ்வாய்

ஐம்பது எண்ணினேன். சுற்றியது. எழுபது எண்ணினேன். அப்போதும் சுற்றியது.

ஜூலை 11, வெள்ளி

மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று. ஜன்னலைச் சாத்தியும் அந்த வாடை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

ஜூன் மாதத்திலும் இப்படித்தான் இருந்தது. இதே ஆறு மணி, இதே சுவர், இதே தலைசுற்றல். அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பைத்தியம் மாதிரி. கீழே வந்து, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். பொய் சொல்வது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் ரத்தம் குறைவு என்கிறார். அது எனக்கும் தெரியும். ஆனால் காலையில் கண் விழித்தும் விழிக்காமலும் இருக்கிற அந்த ஒரு நொடியில், தலை சுற்றும்போது, அது இன்னும் இருக்கிறது என்றே நினைத்துவிடுகிறேன். ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும் ஐம்பது எண்ணுவதற்குள் இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

இன்று மாடியிலிருந்து கடைக்கு இறங்கினேன். பதினாறு படி, நடுவில் ஒரு தடவை உட்கார்ந்தேன்.

டோல்கேட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் எங்கள் கடையில் தைப்பது சொக்கம்மாள். வியாசர்பாடியிலிருந்து வருகிறாள், என் வயதுதான். லாரிக்காரர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொல்வாள், என்னை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“இன்னாம்மா, காலைலயே கிறுகிறுன்னு வருதா? எதனா விசேசமா? சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன்” என்று சிரித்தாள்.

ஆபரேஷன் உடம்பு என்று சொன்னேன். மேலே வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மதியம் அவளே வீட்டுக்குப் போய் ஆட்டுச் சுவரொட்டி வறுத்துக் கொண்டுவந்தாள், ரத்தம் ஊறுமாம். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 19, சனி

ஜெஸ்வின் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. மாத்திரை எடுத்து வைக்கிறார். பேரீச்சம்பழம் வாங்கி வருகிறார். “டீயோட அந்த மாத்திரைய குடிக்காத, சத்து பிடிக்காது” என்று ஞாபகப்படுத்துகிறார். எல்லாம் சரி. ஒருநாளாவது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாமா? இன்று கேட்டேவிட்டேன். உங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

“லோடு ஏத்தணும்” என்று இறங்கிப் போனார்.

என்ன மனுஷன் இவர். கல்லு.

ஜூலை 20

எழுத ஒன்றுமில்லை. அசதி.

ஆகஸ்ட் 2, சனி

ஒரு வாரமாகக் கொஞ்சம் தேவலை. எழுபது எண்ணி எழுந்தால் சுற்றல் சீக்கிரம் அடங்குகிறது. நாளை மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை. சர்ச்சுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது, போகலாம் என்றேன்.

“நாளைக்கு போகாண்டாம்.” ஏன்? “உனக்கு தலை சுத்தும்.” ஆட்டோவில்தானே போகிறோம்? “அடுத்த வாரம் போலாம், ஷிஜி.” முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

என்னோடு வந்து உட்கார வெட்கமாக இருக்கிறது போல. பிள்ளை தங்காதவள் என்று யாராவது மூக்கால் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். கட்டாயம் போவேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நற்கருணைக்கு முன்பு, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களிலிருந்து சீட்டுகளை எடுத்து பாஸ்டர் வாசிப்பார். யார் குடும்பத்துக்கு என்ன நன்மை நடந்தது என்று சபைக்குத் தெரிய வேண்டும், அது எங்கள் வழக்கம். வேலை கிடைத்தவர், சுகம் பெற்றவர், வீடு கட்டியவர். நான் எப்போதும் அரைக் காதில்தான் கேட்பேன்.

“ஆறு வருஷத்துக்குப் பின் கர்ப்பத்தின் கனியைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். ஜெஸ்வின், ஷிஜி, டோல்கேட்.”

முன் வரிசைகள் மொத்தமும் திரும்பிச் சிரித்தன. குடும்பமாக எழுந்து நில்லுங்கள் என்றார் பாஸ்டர். எண்ணுவதற்கு எங்கே நேரம்? எழுந்துவிட்டேன். தூண், விளக்கு, சிலுவை எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. காணிக்கைப் பொறுப்பைப் பார்க்கும் ஜெயக்கொடி அக்கா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “மயக்கமா? அது இருக்கத்தான் செய்யும். ஒரு வார்த்த சொன்னியா, கள்ளி!” என்று தையல் வலிக்க இறுக்கினாள். சீட்டை என் கையில் திணித்தாள். “பத்திரமா வச்சுக்க. பிள்ளைக்கு காட்டலாம்.”

தார்ப்பாய் மூலையில் ஜெஸ்வின் அளவு எழுதுகிற அதே கொட்டை எழுத்து. ‘ஸ்தோத்திரம்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. ஓரத்தில் ஜூன் 8 என்று தேதி.

பக்கத்தில் நின்ற ஜெஸ்வினைப் பார்த்தேன்.

“பாஸ்டர்” என்றார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் சொன்னார். “பாஸ்டர், அது பழைய சீட்டு. பிள்ள போச்சு.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தலையை முன் பெஞ்சில் முட்டிக்கொண்டு, ஊரே கேட்க அழுதார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

டெஸ்ட்டில் இரண்டு கோடு வந்த மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்துவிட்டாராம். கவரை ஒட்டி, மூணு மாசம் முடிகிற ஞாயிறு, ஆகஸ்ட் 3 அன்று பிரியுங்கள் என்று மேலே எழுதி ஜெயக்கொடி அக்காவிடம். எனக்கே தெரியாமல், என்னை ஆச்சரியப்படுத்த. அவ்வளவு நம்பிக்கை.

“திரும்ப வாங்கத்தான் போனேன். ரெண்டு தடவ. சர்ச் கேட் வர போயிட்டு திரும்பி வந்துட்டேன். கேட்டா ஏன்னு கேப்பாங்கல்லா? நான் என்ன சொல்ல? எங்கயாவது தொலஞ்சிருக்கும்னு இருந்தேன்.”

கோபம் வந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் அங்கே போயே இருக்கமாட்டேன். கத்தினேன். பிறகு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இவரையா கல்லு என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்று நாளாக ஆட்கள் வருகிறார்கள். ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. ஜெயக்கொடி அக்கா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதாள். துக்க வீடு மாதிரி இருக்கிறது. துக்க வீடுதானே.

சொக்கம்மாள் மாடிக்கு வந்தாள். “என்னாண்ட சொல்லிருக்கலாம்ல? நான் வேற அன்னிக்கு லூசு மாரி கேட்டுகினு நின்னேன்.” பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, “எனக்கும் ஒண்ணு அப்டி பூட்ச்சு. எங்க வூட்ல அத்தப் பத்தி யாருமே பேசல” என்றாள். எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டேன். ஒன்பது என்றாள். உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இப்போது ஜெஸ்வினும் என்னோடு உட்கார்ந்து எண்ணுகிறார். கடையைத் திறப்பது தாமதமாகிறது. லாரிக்காரர்கள் கீழே நின்று ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரத்தம் பத்தரை. நேற்று பார்த்தது.

இன்று காலை ஐம்பது எண்ணினோம். தண்ணீர் குடித்தேன். எழுந்து நின்றேன். ஒன்றுமே இல்லை. சுவர் அதன் இடத்தில் இருந்தது. மறுபடியும் உட்கார்ந்தேன், எண்ணாமல் சட்டென்று எழுந்து பார்த்தேன். அப்போதும் சுற்றவில்லை.

“சரியாயிட்டே!” என்றார் ஜெஸ்வின், முகமெல்லாம் சிரிப்பாக. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அது வந்தபோது கூடவே வந்ததில் எனக்கு மிச்சம் இருந்தது இந்தத் தலைசுற்றல் ஒன்றுதான். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நானும் எண்ணினேன்.

இன்று கடை திறக்கும்போது ஒன்பது மணி.