குளியலறைச் சுவரில் ஒரு பச்சை பல்பு

அக்கா,

இன்று காலை பழைய ரேடியோ ஒன்றைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். சோல்டர் புகை மூக்கில் ஏறியதுமே கை ஓடவில்லை. எழுந்து சமையலறைவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். நீ இருந்திருந்தால் தரை தேய்ந்துவிடும் என்று அதட்டியிருப்பாய். சரி, எழுதியாவது தொலைக்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்று அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் வேலைக்குக் கிளம்பினார். டாக்டர் வயதாகிவிட்டது என்றார், அதோடு சரி. ஒருமுறை வெல்ட் கீ துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றவரை யாரோ கூட்டிவந்து விட்டார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த எனக்கு, அவர் வாசல் தாண்டினால் தெரிவிக்க ஒரு கருவி செய்வது ஒரு வாரத்து வேலை என்று தோன்றியது. அவ்வளவு திமிர். வாசல் மிதியடிக்குக் கீழே சுவிட்ச், சமையலறையில் பஸ்ஸர். அவர் மிதித்ததும் அது அலறியது. ஷிப்ட் சங்கு ஊதிவிட்டதென்று அப்பா இன்னும் வேகமாக நடந்தார். நீ கரண்டியும் கையுமாகப் பின்னால் ஓடினாய்.

சத்தத்தைக் குறைத்தேன், இடத்தை மாற்றினேன், நோட்டுப் புத்தகத்தில் படம் படமாகக் கிறுக்கினேன். உன்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயாகவே சொன்னாய்.

"அப்பா வெளிய போனா எனக்கே தெரியும் லா. அவரு உள்ளதான் இருக்காருன்னு சொல்ற மாதிரி ஒன்னு செஞ்சு குடு. ரெண்டு வருசமா பாத்ரூம் கதவத் தொறந்து வெச்சுத்தான் குளிக்கிறேன் தம்பி."

வெட்கமாகிவிட்டது எனக்கு. அந்த வாரமே அப்பாவின் நாற்காலி மெத்தைக்குள் சுவிட்சை வைத்தேன். குளியலறைச் சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், பேட்டரியில் எரியும் சின்னப் பச்சை பல்பு. அவர் உட்கார்ந்திருக்கும்வரை எரியும். முதல் நாள் நீ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாய். அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை.

அப்புறம் அந்த நாள். நீ தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்பாவும் நாற்காலியில்தான் இருந்தார். உயிர்தான் இல்லை. என் சுவிட்சுக்கு எடை மட்டும்தான் தெரியும், அக்கா.

காரியம் முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஒயரைப் பிடுங்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"அது பொய் சொல்லலடா. அப்பா அங்கதான் இருந்தாரு. பதினோரு மாசம் நான் கதவச் சாத்திக் குளிச்சேன். அத நெனச்சுக்க."

நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். நீயும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து பல்பைக் கழற்றிவந்து மேசை இழுப்பறையில் போட்டேன். எரிகிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன், எரிகிறது. இந்த வீட்டில் நான் ஒண்டிக்கட்டை, நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யாருமில்லை. ஆனாலும் குளிக்கப் போனால் கதவைச் சாத்த எனக்குக் கை வருவதில்லை, அக்கா.